மகளின் தாளில் நான் எழுதிய ‘நான்’

“உங்க பொண்ணைப் பத்திக் கொஞ்சம் பேசணும். கவலையா இருக்கு. ரெண்டு பேரும் நேர்ல வர முடியுமா?”

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இந்த போன் வந்தது. பேசியவர் என் மகள் படிக்கும் பள்ளியின் உளவியலாளர், ஸ்வாதி மேடம். நான் அப்போது புனேயின் போபோடியில், நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில், ஒரு பெரியவருக்குப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். விரல் அப்படியே நின்றுவிட்டது. பெரியவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் விரல் மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கவலை. இந்தச் சொல்லை என் கவிதைகளில் நான் எத்தனை விதமாக எழுதியிருக்கிறேன்... ஈரத் துணி மாதிரி, இறங்காத மேகம் மாதிரி, பூட்டிய வீட்டில் ஒலிக்கும் தொலைபேசி மாதிரி. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அது எதைப் போலவும் இல்லை. கவலை மாதிரியே இருக்கிறது.

யாழினிக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. பிறந்தது, வளர்ந்தது, சண்டை போடக் கற்றுக்கொண்டது எல்லாம் புனேயில்தான். ‘ழ’ இருக்கும் பெயரைத் தேடிப் பிடித்து வைத்துவிட்டு, அந்த எழுத்தே இல்லாத ஊரில் குடியிருக்கும் தகப்பன் நான். ஊர் அவளை யாலினி என்கிறது. அவளும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

மனைவி கல்பனாவுக்கு போன் செய்தேன். அவளுக்கு ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறாள்.

“என்னங்க ஆச்சு? புள்ள ஏதாச்சும் பண்ணிட்டாளா?”

“தெரியல. கவலையா இருக்காம்.”

“யாருக்கு?”

“மேடத்துக்கு.”

“அப்ப நீங்க எதோ பண்ணியிருக்கீங்க” என்றாள் கல்பனா. கோயமுத்தூர்க்காரி. மரியாதை குறையாமல் குத்துவாள்.

அன்று மதியமே பள்ளிக்குப் போனோம். மேடத்தின் அறைக்குள் மேசையே இல்லை. நாலு நாற்காலிகள். நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் டிஷ்யூ டப்பா. எதற்காக என்று புரிந்தது. பயம் கூடியது. மேடத்துக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். புனேக்காரர். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். தமிழில் தருகிறேன்.

“ஒன்பதாவது பசங்களுக்கு நாலு கேள்வி உள்ள ஒரு தாள் கொடுக்கிறோம். நான் யார்? எனக்கு எது பிடிக்கும்? எதுக்குப் பயம்? பத்து வருஷம் கழிச்சு எங்கே இருப்பேன்? மார்க் எல்லாம் கிடையாது. இந்த வயசுலதான் ‘நான்’னா யாருன்னு ஒவ்வொருத்தரும் தேட ஆரம்பிப்பாங்க. அவங்களோட பேச எனக்கு ஒரு கதவு வேணும். அவ்வளவுதான்.”

யாழினியின் தாளை எடுத்தார். படித்தார்.

“‘நான் கரைகளைத் தொலைத்த நதி.’”

கல்பனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“‘எனக்குப் பிடித்தது, யாரும் இல்லாத அறையில் எரியும் விளக்கு. எனக்குப் பயம், என் பெயரை யாராவது சரியாக உச்சரித்துவிடுவார்களோ என்று.’”

கல்பனா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“‘பத்து ஆண்டுகள் கழித்து நான் இருக்க மாட்டேன். என் நிழல் மட்டும் ஒரு மழையில் நடந்துகொண்டிருக்கும்.’”

மேடம் தாளை மடியில் கவிழ்த்தார். குரலைத் தாழ்த்தினார். “பதினாலு வயசுக் குழந்தை ‘நான் இருக்க மாட்டேன்’னு எழுதினா, அதை நாங்க சாதாரணமா எடுத்துக்க முடியாது. வீட்ல ஏதாவது பிரச்சினை இருக்கா?”

இருந்தது. அவருக்கு எதிர் நாற்காலியில், நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது.

இந்த இதழில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நதி, விளக்கு, நிழல், மழை... இந்த நாலு சாமான்களை இடம் மாற்றி அடுக்கித்தான் இத்தனை வருடமாக இங்கே கடை நடத்துகிறேன்.

நடந்தது இதுதான். அந்த போன் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். யாழினி சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“அப்பா, இது பாருங்க. ஸ்பெல்லிங் மட்டும்.”

ஸ்பெல்லிங் மட்டும். என்னிடம் யாரும் எதையும் இப்படி அளவு போட்டுக் கேட்கக் கூடாது.

அவள் இங்கிலீஷில் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘என் பெயர் யாலினி. வாகடில் இருக்கிறேன். எங்கள் ஸ்கூல் பஸ் ஒரே சிக்னலில் தினமும் பதினெட்டு நிமிடம் நிற்கிறது. ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும். பத்து வருடம் கழித்து அந்த பஸ் அங்கே நிற்கக் கூடாது.’

“இதுல நீ எங்கம்மா இருக்கே? பஸ்தான் இருக்கு” என்றேன்.

“நான் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கேன்.”

“கொஞ்சம் ஆழம் வேணும் கண்ணு.”

“மேடம் ஆழம் கேக்கல அப்பா. நாலு லைன் கேட்டாங்க.”

இந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பான். நான் பேனாவைத் திறந்தேன். என் மகளின் வாழ்க்கை லட்சியம் ஒரு சிக்னலா? கவிஞன் வீட்டில் பிறந்த பெண், ‘நான் யார்’ என்ற கேள்விக்கு பஸ் கணக்கு எழுதுவதா? வேறொரு தாளில் தமிழில் எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். இங்கிலீஷில் மாற்றினேன். நாற்பது நிமிடம். அந்த மாதத்தில் எனக்கு எழுத்து அவ்வளவு நன்றாக ஓடிய நாற்பது நிமிடம் வேறு இல்லை.

யாழினி படித்துப் பார்த்தாள். “வியர்டா இருக்கு.”

“கவிதைன்னா அப்படித்தான்.”

“இந்த ரிவர் யாரு? நானா?”

“நீதான்.”

“அச்சா” என்றாள், எதையும் ஒப்புக்கொள்ளாமல். “நாளைக்கு ஜியாகிரபி டெஸ்ட் இருக்கு. குடுங்க, காப்பி பண்ணிடறேன்.” தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதி முடித்தாள். அடியில் அச்சில் ஒரு வரி இருந்தது: ‘இவை என் சொந்த வார்த்தைகள்.’ அதன் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், பெற்றோர் என்ற கட்டத்தில், நான் போட்டேன். வங்கிக்காரன்... கையெழுத்து கொஞ்சம் கூடப் பிசகவில்லை.

அறைக்குத் திரும்புவோம். மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவகிட்ட ரெண்டு தடவை தனியாப் பேசினேன். எந்த நதின்னு கேட்டேன். முளான்னு சொன்னா.”

முளா எங்கள் ஊர் ஆறு.

“கரை ஏன் தொலைஞ்சு போச்சுன்னு கேட்டேன். ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் நடக்குது மேடம்’னா.”

கல்பனா டிஷ்யூ ஒன்றை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து மேடம் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நிழல்னா என்னன்னு கேட்டா பேச்சை மாத்தறா. ‘நீயேதான் எழுதினியா’ன்னு ரெண்டு தடவையும் கேட்டேன். ‘ஆமா, நான்தான்’னு சொல்லிட்டா. அவ திரும்பக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ‘மேடம், ஃபீல்டு வீக் லிஸ்ட்ல என் பேர் இருக்கா?’”

ஃபீல்டு வீக் என்பது இந்தப் பள்ளியின் வழக்கம். தாளில் எழுதியதை வைத்து எட்டுப் பிள்ளைகளை ஒரு வாரம் வெளியே அனுப்புவார்கள்... அவரவர் விரும்பும் வேலை எங்கே நடக்கிறதோ அங்கே. இந்த முறை அதில் ஒரு போக்குவரத்துக் கணக்கெடுப்பும் இருக்கிறது. ஹிஞ்சேவாடி போகிற சாலையில், எஞ்சினியர்களோடு உட்கார்ந்து வண்டிகளை எண்ண வேண்டும். யாழினி ஜூன் மாதத்திலிருந்து அதற்காகக் காத்திருக்கிறாள். நதியும் நிழலும் தெரியாது அவளுக்கு. ஒரு சிக்னல் எத்தனை செகண்டுக்கு ஒரு முறை மாறும் என்று கேளுங்கள், தூக்கத்தில் சொல்வாள்.

“அந்த ஒரு இடத்துக்கு அவதான் சரியான ஆள்னு டீச்சர்ஸ் எல்லாரும் சொல்றாங்க” என்றார் மேடம். “ஆனா இப்படி எழுதின குழந்தையை அவ்வளவு பெரிய ரோட்டோரத்துக்கு நான் எப்படி அனுப்புவேன்? நாளைக்கு லிஸ்ட் போகணும். அவ பேரை நிறுத்தி வெச்சிருக்கேன்.”

ஆக, என் உவமை என் மகளின் வழியை மறித்துக்கொண்டு நின்றது. சும்மா இருந்தால் அவள் பெயர் போகும். உண்மையைச் சொன்னால்? ‘என் சொந்த வார்த்தைகள்’ என்று இரண்டு கையெழுத்து இருக்கிறதே... அப்போதும் போகலாம். செருப்புக் காலோடு கல்பனா என் பாதத்தை மிதித்தாள். சொல்லுங்க என்று அர்த்தம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

“மேடம்... அது இருக்கட்டும். எழுத்தா பார்த்தா, இது எப்படி இருக்கு?”

கல்பனாவின் மிதி நின்றுவிட்டது. கைவிட்டுவிட்டாள்.

மேடம் தாளை மறுபடி பார்த்தார். நேர்மையானவர், யோசித்துத்தான் பதில் சொன்னார். “ரொம்பச் சோகமா இருக்கு. அழகாக்கூட இருக்கலாம், எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா இதுல குழந்தையே இல்லை.”

என் எழுத்துக்கு எத்தனையோ விமர்சனம் வந்திருக்கிறது. புரியவில்லை என்பார்கள், நீளம் என்பார்கள், ஒருவர் தலைவலி என்று கடிதமே போட்டார். எதுவும் இப்படி நேராக வந்து இறங்கியதில்லை.

“நான்தான் எழுதினேன்” என்றேன்.

“எதை?”

“எல்லாத்தையும். நதி, விளக்கு... நிழல் வரைக்கும். அவ எழுதினது பஸ்ஸைப் பத்தி. நான்தான் வேண்டாம்னேன். அவ உங்ககிட்ட பொய் சொன்னது என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு. தப்பு அவளோடது இல்லை.”

மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் சாய்ந்து, நீளமாக மூச்சு விட்டார். இரண்டு வாரம் அந்தப் பெண்ணுக்காக அவர் பட்ட பயம் அந்த மூச்சில் வெளியே போனது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே வெட்கம் வந்தது.

“அப்பா அம்மா எழுதிக் கொடுக்கறது புதுசு இல்லை” என்றார். “ஒரு பையன் ‘நான் ஒரு ரிசல்ட் ஓரியன்டட் டீம் பிளேயர்’னு எழுதினான். அப்பா மேனேஜர். ஆகுர்டியிலேர்ந்து வர்ற ஒரு பையன் தாள்ல பத்து வருஷமும் ஷிஃப்ட் வாரியாப் பிரிச்சிருந்தது. அப்பா தொழிற்சாலையில சூப்பர்வைசர். கவிதை மட்டும் இதுதான் முதல் தடவை.”

நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், இல்லையா? பிள்ளைக்கு ஒரு ‘நான்’ இல்லையே என்று பதறுகிறோம். நம்மிடம் கைவசம் இருப்பதை எடுத்து மாட்டிவிடுகிறோம். அது தோளில் தொங்குகிறதா, கழுத்தை இறுக்குகிறதா என்று கூடப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் நம் சட்டை தெரிகிறதே, அது போதும்.

யாழினியைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தாள். மூன்று பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“சொல்லிட்டீங்களா?” என்று என்னிடம் தமிழில் கேட்டாள்.

“சொல்லிட்டேன்.”

“அப்பாடா... இனிமே ரிவர் பத்தி ஆன்சர் பண்ண வேணாம்” என்று நாற்காலியில் விழுந்தாள்.

மேடம் அவளிடம் புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். “இங்கேயே எழுது. அதைப் பார்த்துட்டு நான் முடிவு பண்றேன். பொய்க் கையெழுத்து போட்டதைப் பத்தியும் நாம பேசணும்.” எங்களைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் வெளியில உக்காருங்க.” பிறகு என்னை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். “கதவுகிட்ட வேணாம். அந்தக் கடைசி பெஞ்ச்.”

கடைசி பெஞ்ச் சின்னப் பிள்ளைகளுக்கானது. முழங்கால் மோவாயைத் தொட்டது. கல்பனா நின்றுகொண்டாள்.

“அவ எழுதினது நல்லாத்தானுங்க இருந்துச்சு. பதினெட்டு நிமிஷம்னு கணக்கு எடுத்திருக்கா பாருங்க. எங்க டீம்ல கூட யாரும் அப்படிக் கணக்கா எழுதறதில்ல.”

“எனக்குப் பஸ்தான் தெரிஞ்சுது.”

“உங்களுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு? போன வாரம் கேஸ் அடுப்புல பால் பொங்கினப்ப, ஜன்னல்ல வெயில் விழுந்த அழகைப் பாத்துட்டு நின்னீங்க.”

உண்மை.

நான் படிக்கும்போது இப்படி ஒரு தாள் கிடையாது. கல்லூரி விண்ணப்பத்தை என் அப்பாதான் நிரப்பினார். பி.காம். என்று பாடத்தையும், வங்கி என்று வருங்காலத்தையும் சேர்த்தே எழுதினார். என் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒரே கட்டம் ரத்தப் பிரிவு. அதையும் நான் தப்பாக எழுதினேன். அந்தக் கோபத்தில்தான் கவிதைக்கு வந்தேன் என்று மேடைகளில் சொல்வதுண்டு. கைத்தட்டுவார்கள். அந்தக் கோபக்காரன் அதே நாற்காலியில், அதே பேனாவோடு உட்கார்ந்து, மகளின் தாளை நிரப்பியிருக்கிறான். மை மட்டும்தான் வேறு.

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. யாழினியின் முகத்திலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை. பின்னால் மேடம் வந்தார்.

“பேரைச் சேர்த்துட்டேன்” என்றார். “ரெண்டு கண்டிஷன். இன்னும் ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நாள் அவ என்கிட்ட வந்து பேசணும். பொய்யை எப்படிச் சுமக்காம இருக்கறதுன்னு. அப்புறம், அந்த ஒரு வாரம் அவ தினமும் ஒரு டைரி எழுதணும். அதை நீங்க படிக்கக் கூடாது.”

“ஸ்பெல்லிங்...?”

“ஸ்பெல்லிங்கும்.”

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். “என்ன எழுதினே?”

“சொல்ல மாட்டேன். மேடம் சொன்னாங்க, சொல்லணும்னு கட்டாயம் இல்ல.”

“ஒரே ஒரு வரி?”

“அப்பா.” எச்சரிக்கை அது. கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். “நிழல் மழையில நடக்கும்னு எழுதினீங்களே... மழையில வெயிலே இருக்காது. நிழல் எப்படி வரும்? மேடம் கேட்டாங்க. எனக்கு மத்லப் தெரியல.”

அதன் அர்த்தத்தை நானும் யோசித்துப் பார்த்தேன். கல்பனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் தெரியாது கண்ணு” என்றேன்.

யாழினி சிரித்தாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. “ரெண்டு வாரம் நான் அதை டிஃபெண்ட் பண்ணியிருக்கேன் அப்பா.”

இந்தத் திங்கட்கிழமை ஃபீல்டு வீக் தொடங்கியது. நடைபாதையில், கம்பித் தடுப்புக்குப் பின்னால், ஒளிரும் பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு, மடியில் அட்டையும் பென்சிலுமாக நாலு எஞ்சினியர்களோடு என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? புதன்கிழமை போனேன். என் வங்கி போபோடியில், அந்தச் சாலை நேர் எதிர்த்திசையில். இருந்தாலும் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, நான் என்ன செய்ய? பக்கத்தில் போனதும் கை காட்டினேன். அவள் நிமிரவில்லை. பென்சில் மட்டும் அசைந்தது. அடுத்த வளைவில் திரும்பி மறுபடி வந்தேன். கை காட்டினேன். பென்சில் அசைந்தது. இன்னொரு தடவை...

அன்று வங்கிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். சாயங்காலம் யாழினி வந்ததும், சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“காலையில அந்தப் பக்கம் வந்தேனே, பாத்தியா?”

“நீங்களா? நான் ஆளைப் பாக்கறதில்ல அப்பா, வண்டிதான். எத்தனை தடவ வந்தீங்க?”

“மூணு.”

“வேல இருந்துச்சா?”

“இல்ல. சும்மாதான்.”

என் மகள் பையை இறக்கி வைத்தாள். என்னை நிதானமாகப் பார்த்தாள்.

“அந்த ரோடு ஏன் ஜாம் ஆகுதுன்னு கண்டுபிடிக்கத்தான் எங்கள உக்கார வெச்சிருக்காங்க. போதும், அப்பா. ஒரு ரீஸன் கெடச்சுடுச்சு.”

அந்தக் காரணம் வியாழக்கிழமையிலிருந்து, நேர் வழியில், குறித்த நேரத்துக்கு வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.